ஒன்றும் வரவில்லை என்று எழுதியது நான்தான்

என் கண்ணு நாச்சிமுத்துவுக்கு, உன் அக்கா எழுதுவது.

நீ போய் நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. கருமாதிக்கு வந்த சொந்தமெல்லாம் பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் திரும்பிப் போயாச்சு. உன் போன் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. டியூஷனுக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள்தான். சார் இருக்காரா என்று கேட்கிறார்கள். இல்லை என்றால், எப்போ வருவார் என்று கேட்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல? நேற்று ஒரு பெண்ணிடம் சாயங்காலம் கூப்பிடு சாமி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் நான் சுலபமாகத் தப்பித்துக்கொள்வேன். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீ கேட்டுக்கொண்டிரு. அவர்களும் கேட்கட்டும்.

கேரளத்து எல்லைக்குள் இருக்கிற நம் கோவிந்தாபுரம் பக்கத்தில் நாச்சிமுத்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு வாத்தியார் ஊடு எது என்று கேட்டால் டீக்கடையில் பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்து வழி காட்டுவார்கள். பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவன் நீ. பிளஸ் ஒன்னுக்குப் போன பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு வாத்தியார் இல்லை. மலையாளம், இந்தி, பிரெஞ்சு, இந்த மூன்றில் ஒன்றை எடு என்றார்கள். மலையாளத்துப் பிள்ளைகளோடு மலையாளத்தில் போட்டி போட்டால் நான் கடைசி பெஞ்சுதான், பிரெஞ்சு என்றால் எல்லோருக்கும் ஒன்றாம் பாடம் என்று கணக்குப் போட்டு அதை எடுத்தாய். "பிரெஞ்சு படிச்சுப்போட்டு யாருகிட்டடா பேசுவ? மாட்டுகிட்டயா?" என்று அப்பா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் அதுதான் உனக்குச் சோறு போட்டது. பாலக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, இருபத்தைந்து வருஷம் அதே பஸ்ஸில் போய்வந்தாய்.

கல்யாணம் வேண்டாமென்று நீ இருந்துவிட்டாய். என் புருஷன் போன பிறகு நானும் நம் ஊட்டுக்கே வந்து சேர்ந்தேன். ராத்திரிச் சோற்றுக்கு ரசமோ பொரியலோ, உனக்கு பிரான்ஸ் தேசத்துக் கதை இல்லாமல் இறங்காது. அதுவும் ராஜா ராணி கதை இல்லை. அந்த நாட்டில் பிரெஞ்சுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த மற்ற பாஷைகளைச் சட்டம் என்ன பாடு படுத்தியது என்கிற கதை. எனக்கென்ன புரியும் என்று நினைத்தாயோ தெரியாது, ஆனால் விடாமல் சொன்னாய். நானும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டேன்.

ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா, கோர்ட்டுக் காகிதம் எல்லாம் இனிமேல் பிரெஞ்சில்தான் இருக்கவேண்டும் என்று கட்டளை போட்டாராம். அதுவரைக்கும் லத்தீனில் எழுதி ஜனங்களுக்கு ஒன்றும் விளங்காமல் இருந்ததாம். விளங்கட்டும் என்றுதான் போட்டது. ஆனால் அந்த நாட்டு மேற்குக் கோடியில் பிரெத்தோன் என்கிற பாஷை பேசுகிறவனுக்கு லத்தீன் போய் பிரெஞ்சு வந்ததில் என்ன விளங்கிவிடும்? நம்ம ஊரில் இங்கிலீஷ் போய் மலையாளம் வந்த மாதிரிதான் என்று சொல்லிச் சிரிப்பாய். பிறகு ராஜாவை விரட்டிய புரட்சிக்காரர்கள் வந்தார்களாம். எல்லோரும் சமம், ஆகையால் எல்லோருக்கும் ஒரே பாஷை, மற்றதெல்லாம் ஒழியட்டும் என்றார்களாம். நல்ல சமம் போ என்று நான் சொன்னேன்.

போன நூற்றாண்டு பாதி போன பிறகுதான், பள்ளிக்கூடத்தில் அந்த பாஷைகளில் சிலதை வாரத்துக்குக் கொஞ்ச நேரம், அதுவும் வாத்தியார் இஷ்டப்பட்டால், சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு சட்டம் வந்ததாம். அப்புறம் இங்கிலீஷைப் பார்த்துப் பயந்துபோய், குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியல் சாசனத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள். இங்கிலீஷுக்குப் போட்ட வேலியில் பிரெத்தோனும் கார்சிக மொழியும்தான் மாட்டிக்கொண்டன என்றாய். பின்னால் மனசு கொஞ்சம் இளகி, வட்டார மொழிகள் பிரான்சின் பாரம்பரியச் சொத்து என்று இன்னொரு வரியும் எழுதினார்கள். அப்படியென்றால் என்னடா என்று கேட்டேன். "மியூசியத்துல வெக்கறதுங்க்கா. பாத்துக்கலாம், தொடக்கூடாது" என்றாய். இதை நீ எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒன்றுக்கு மட்டும் சிரிப்பு வராது. பிரெத்தோன் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டைச் செருப்பைத் தொங்கவிடுவார்களாம். அந்தப் பிள்ளை, இன்னொரு பிள்ளை அப்படிப் பேசுவதைப் பிடித்துக் கொடுத்து, அதன் கழுத்துக்கு மாற்றிவிடவேண்டுமாம். ஆனால் வாத்தியாரும் சட்டமும் சேர்ந்து அத்தனை வருஷம் செய்ய முடியாததை, கடைசியில் அம்மாக்கள் இரண்டு தலைமுறையில் செய்து முடித்தார்கள் என்று சொன்னாய். பிள்ளை அடி வாங்கக்கூடாது, நாலு இடம் போய்ப் பிழைக்கவேண்டும் என்று, தொட்டிலில் போட்ட நாளிலிருந்தே தங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த பிரெஞ்சில் பேசினார்களாம். "பாசத்துல பண்ணுனாங்கக்கா. அதான் அத நிறுத்த முடியல" என்றாய். நான் உனக்கு மோர் ஊற்றினேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை, நாச்சி.

நான் எப்படி சர்க்கார் வேலைக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்க்காரர்கள் அதிகமாக இருக்கிற தாலூக்காக்களில், ஜனங்கள் சர்க்காருக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் வாங்கலாம் என்று கேரளத்து ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்காகத் தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் என்று தனியாகப் பரீட்சை வைத்து ஆள் எடுத்தார்கள். அந்தப் பரீட்சை எழுதி வந்தவள் நான். தமிழ் தெரியும் என்பதற்காகவே சம்பளம் வாங்கினவள்.

முதல் வேலை இடுக்கிப் பக்கம். மூணாற்றுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து மாரியம்மாள் என்று ஒருத்தி ஜீப் பிடித்து வந்து தமிழில் எழுதின மனுவை நீட்டினாள். புருஷன் செத்து விதவை பென்ஷனுக்கு எழுதினது. எங்கள் மேலதிகாரி நல்ல மனுஷர்தான். ஆனால் படிக்கத் தெரியாத காகிதத்தில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது, மொழிபெயர்ப்புக்கு ஜில்லா ஆபீசுக்கு அனுப்பு என்றார். அது போனால் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "ஒரு நா சம்பளம் போச்சு தாயீ, இன்னொரு நா வரச் சொல்லாதீக" என்றாள் மாரியம்மாள். நான் மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டு, அதே மனுவை மலையாளத்தில் எழுதி, கீழே அவளைத் தமிழில் கையெழுத்துப் போடச் சொன்னேன். தமிழ்க் காகிதத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாசமே பென்ஷன் பாஸானது. திரும்ப வந்தபோது ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான். பாலக்காட்டுக்கு மாற்றலாகி நம் பக்கத்து ஆபீசுக்கு வந்த பிறகும் விடவில்லை. அந்த ஆபீசின் பெயர் வேண்டாம், அதன்மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. தபால் மேசை என்னுடையது. வருகிற காகிதத்தையெல்லாம் வாங்கி, நம்பர் போட்டு, ரெஜிஸ்டரில் ஏற்றுகிறவள் நான். தமிழில் யார் எழுதிக்கொண்டு வந்தாலும், உட்காருங்க என்று சொல்லி, மலையாளத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தமிழ்க் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ரெஜிஸ்டரில் ஏறுவது மலையாளக் காகிதம். வேலையும் நடக்கும். ஜனங்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தங்கமணியம்மா மேசைக்குப் போனால் காரியம் ஆகும் என்று சந்தையில் பேச்சு. நீகூட உன் பள்ளிக்கூடத்தில் என் அக்கா அப்படி என்று பீற்றிக்கொண்டாய் அல்லவா?

அப்புறம் ராமாத்தாள் விஷயம் வந்தது. நிலத்தை மறுபடி அளக்கிற ரீசர்வே நோட்டீஸ் மலையாளத்தில் வந்திருக்கிறது. நம் பக்கத்து ஊட்டு ராமாத்தாளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வரி ரசீது என்று நினைத்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள். ஆட்சேபம் சொல்கிற தேதி போய்விட்டது. அவள் கிணறு அடுத்தவன் பெயரில் ஏறிவிட்டது. உன்னிடம் வந்து அழுதாள். நீ சட்டப் புத்தகத்தைத் தேடி வாங்கினாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினாய். "அக்கா, பிரான்சுல சட்டம் கதவச் சாத்தி வெச்சிருக்குது. இங்க தொறந்து வெச்சிருக்குது. நாமதான் போக மாட்டீங்கறோம்" என்று சொன்னாய்.

நோட்டீசும் பதிலும் தமிழில் தரவேண்டும் என்று ஊரில் கையெழுத்து வாங்கினாய். மொழிச் சிறுபான்மைக்காரர்களின் குறையைக் கேட்கிற ஒரு கமிட்டிக்கு மனு போட்டாய். ஆதாரம் வேண்டும் என்றார்கள். உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் நம் ஆபீசுக்கு ஒரு கேள்வி போட்டாய். கடந்த பத்து வருஷத்தில் தமிழில் எத்தனை மனு வந்தது? எத்தனைக்குத் தமிழில் பதில் போனது? கேள்வியை என்னிடம் சொல்லாமலே அனுப்பினாய். அக்காவை இழுத்துவிட்டதாக ஆகக்கூடாது என்று உனக்கு ஜாக்கிரதை.

அந்தக் கவரைப் பிரித்தது நான்தான். உன் கையெழுத்து என்று பார்த்த உடனே தெரிந்தது. ரெஜிஸ்டரைப் புரட்டினேன். பத்து வருஷமும் என் எழுத்துதான், ஒரு இடத்திலும் தமிழ் என்று இல்லை. மேலதிகாரி, ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறதோ அதை எழுது என்றார். நான் எழுதினேன். தமிழில் மனுக்கள் ஒன்றும் வரவில்லை, ஆகையால் இரண்டாம் கேள்வி எழவில்லை. அதுவும் மலையாளத்தில். நீ தமிழில் எழுதின அந்தக் கேள்வியைக்கூட மலையாளத்தில் எழுதிக் கோர்த்துவிட்டுத்தான், தமிழில் ஒன்றும் வரவில்லை என்று பதில் எழுதினேன். இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருந்தது. வந்த மனுவை வாங்காமல் திருப்பிக் கொடுத்தது பெரிய குற்றம். மெமோ, விசாரணை, பென்ஷன் நிறுத்தம் என்று ஒவ்வொன்றாகக் கண்முன்னால் வந்தது. பயந்துவிட்டேன் நாச்சி. பயம்தான், வேறு ஒன்றுமில்லை. பதில் உன் கைக்கு வந்த அன்று சோற்றில் கை வைத்தபடி, "ஒண்ணுகூடவாக்கா வரல?" என்று கேட்டாய். ரெஜிஸ்டரில் இல்லை என்றேன். நீ என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாய்.

இரண்டு மாசம் கழித்து பாலக்காட்டில் ஹியரிங். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ராமாத்தாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ எழுந்துபோய், என்னிடம் போதுமான ஆதாரம் இல்லை, மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். அவ்வளவுதான். வேனில் திரும்பி வரும்போது உன்னோடு ஒருத்தரும் பேசவில்லையாம். பிரெஞ்சு வாத்தியார் பயந்துட்டார் என்று ஊர் பூராவும் பேச்சாகிவிட்டது. டீக்கடையில் உனக்கு முன்னாலேயே சொன்னார்கள்.

நானும் சொன்னேனடா. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த நாள் காலையில் நீ சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாய், நான் வாசலில் நின்று திட்டினேன். இத்தனை பேரை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாயே, உனக்கு இவ்வளவுதானா தைரியம், அப்பா இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பார் என்று சொன்னேன். உள்ளுக்குள்ளே எனக்கு அப்பாடா என்று இருந்தது. அது வெளியே தெரிந்துவிடக்கூடாது என்றுதான் அவ்வளவு சத்தமாகத் திட்டினேன். நீ பொத்தானைப் போட்டுக்கொண்டே, "வயசாச்சுங்க்கா, முடியல" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

வைகாசியில் நான் ரிட்டயர் ஆனேன். மாலை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். தமிழ்க் கடிதப் போக்குவரத்து ஒன்றும் இல்லை என்று கணக்கு இருப்பதால் என் இடத்துக்கு இனிமேல் தமிழ் தெரிந்த கிளார்க் தேவையில்லை என்று ஆர்டர் வந்தது. நான் எழுதின பதிலையே அதற்குக் காரணமாகக் காட்டியிருந்தார்கள். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒரு காலை, சவரம் பண்ணிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இழவுக்கு வந்தவர்களில் சிலர், நல்ல மனுஷன், கடைசியில்தான் கொஞ்சம் தடுமாறிட்டார் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் இபுராகிம் ராவுத்தர் வந்தார். உன் சிநேகிதர், ஜெராக்ஸ் கடைக்காரர். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, வாசலிலேயே நின்றார். பையில் கட்டாகக் காகிதம். பிரித்துப் பார்த்தேன். எல்லாம் தமிழ். எல்லாம் நான் திருப்பிக் கொடுத்த மனுக்கள்.

பதில் வந்த அடுத்த நாளிலிருந்தே நீ ஊடு ஊடாகப் போயிருக்கிறாய். தமிழில் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறாய். எல்லோரும், கொடுத்தோம், உங்க அக்காதான் மலையாளத்தில் எழுதிக்கிட்டு இதைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க என்று எடுத்துத் தந்திருக்கிறார்கள். ஆபீசிலிருந்து வந்த பதிலில் என்ன இருந்தது என்று நீ அவர்கள் ஒருத்தரிடமும் சொல்லவில்லையாம். பிறப்புச் சர்ட்டிபிகேட்டுக்கு எழுதினது, பட்டா மாற்றத்துக்கு எழுதினது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சாதிச் சான்றுக்கு எழுதினது. சிலதில் மஞ்சள் கறை. ஒன்றில் ஒரு குழந்தை பூனை வரைந்திருக்கிறது. கமிட்டி முன்னால் அந்தக் கட்டைப் பிரித்திருந்தால் போதும், நீ ஜெயித்திருப்பாய்.

ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஹியரிங்குக்கு முந்தின நாள் மத்தியானம் அதை அவர் கடையில் வைத்துவிட்டு நீ சொன்ன வார்த்தை இது. "ராவுத்தரே, இத வெளிய எடுத்தா என்ற அக்கா பென்ஷன் போயிரும். ஆரும் காத்துக் கெடக்கக் கூடாதுன்னுதான் அது பண்ணுச்சு. கமிட்டிக்கு அது புரியாது. கட்டு உங்ககிட்டவே இருக்கட்டும், ஊட்டுல வெச்சா அக்கா பாத்துரும்."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ராவுத்தர் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

தெரிந்துகொண்டே என் திட்டை வாங்கினாயா? ஏறக்குறைய ஒரு வருஷம் நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, ஊரெல்லாம் பயந்தாங்கொள்ளி என்றபோதும், ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், சேர்ந்து ஏதாவது செய்திருக்கலாம். எனக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தராமல் காப்பாற்றிவிட்டாயே, பாவி. நீ செய்தது பாசமா, இல்லை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தாயா? இதற்கு இனிமேல் யார் பதில் சொல்வார்கள்?

பிரெத்தோன் அம்மாக்களைப் பற்றி நீ சொன்னதை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவர்களாவது தங்கள் பிள்ளைக்குச் செய்தார்கள். சட்டம் ஜனங்களுக்குக் கொடுத்ததை மேசையில் உட்கார்ந்து நான் வாங்கி வைத்துக்கொண்டேன், கும்பிடும் வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு மனுவையாவது அப்படியே தமிழில் ரெஜிஸ்டரில் ஏற்றி, அதற்குத் தமிழில் பதில் போகும்வரை சண்டை பிடித்திருந்தால், ராமாத்தாளுக்கு அந்த நோட்டீஸ் தமிழில் வந்திருக்குமோ என்னவோ. மாரியம்மாளுக்கு அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று இப்போதும் சொல்ல மனசு வரவில்லை. அவளுக்குப் பென்ஷன் வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த ஆளுக்கும், அதற்கடுத்த ஆளுக்கும், இருபது வருஷத்துக்கும் அதையே செய்தது தப்பு. இரண்டும் உண்மைதான். எனக்கு வலிக்கிறது கண்ணு.

ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து எழுதினேன். நான், தங்கமணி, இன்ன ஆபீசில் இன்ன மேசையில் வேலை பார்த்தவள், தமிழில் வந்த மனுக்களை வாங்காமல் மலையாளத்தில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன், தமிழில் ஒன்றும் வரவில்லை என்று நான் எழுதின பதில் பொய், என் தம்பி ஆதாரம் இல்லாமல் வாபஸ் வாங்கவில்லை, என்னைக் காப்பாற்ற வாங்கினான். இவ்வளவையும் தமிழில் எழுதினேன். ராமாத்தாளிடம் முதலில் படித்துக் காட்டினேன். அவள் "வாத்தியாரக் கண்டபடி பேசிப்போட்டனுங்களே அம்மிணி" என்று அழுதாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கமிட்டிக்கு ஒரு பிரதி தபாலில் போட்டுவிட்டு, இன்னொன்றை நேற்று ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாபஸ் வாங்கின மனுவைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருந்தேன். என் பழைய மேசையில் ஒரு மலையாளத்துப் பெண் இருக்கிறாள், ஒத்தப்பாலத்துக்காரி, தங்கமான பிள்ளை. சேச்சி என்று எழுந்து நின்று நாற்காலி போட்டாள். காகிதத்தைப் பார்த்தாள், தமிழ். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்மேல் இருக்கிற மரியாதையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "சேச்சி பறஞ்ஞா மதி, ஞான் எழுதாம்" என்றாள். நீங்கள் சொன்னால் போதும், நான் மலையாளத்தில் எழுதித் தருகிறேன் என்கிறாள்.

அவள் முகத்தில் அவ்வளவு பிரியம் நாச்சி. நானும் இருபது வருஷம் இந்த முகத்தோடுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

வேண்டாம் சாமி, இது இப்படியே போகட்டும் என்றேன். ரொம்ப நாள் ஆகும் சேச்சி, மொழிபெயர்ப்புக்குப் போகவேண்டும் என்றாள். ஆகட்டும் என்றேன். நம்பர் போட்டு ரெஜிஸ்டரில் ஏற்றச் சொன்னேன். குறிப்பு எழுதுகிற இடத்தில் தமிழ் என்று எழுதச் சொன்னேன். அவள் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தேன்.

நீ கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இப்போது இருக்கிறது. ஒன்று வந்திருக்கிறது.

விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். பென்ஷனை நிறுத்தினாலும் நிறுத்தட்டும், ரேஷன் அரிசி இருக்கிறது, உன் ஊடு இருக்கிறது. அந்தக் கட்டைக் கமிட்டி மேசையில் நானே பிரித்து வைப்பேன். என் தம்பி பயப்படவில்லை என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். டீக்கடையிலும் போய்ச் சொல்வேன். அவர்கள் தமிழில் பதில் தருகிற வரைக்கும் நான் சாவதாக இல்லை, இது சத்தியம்.

உன்னைத் திட்டின வாயால் இதைச் சொல்கிற,
உன் கூடப்பிறந்த அக்கா,
தங்கமணி